ஃபாஸ்டர்ல இருக்குற நாய்க்குட்டிக்கு வீடு தேடுறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க வீட்ல இப்ப ஒரு பொட்டக்குட்டி இருக்கு, 9 வாரம் இருக்கும், பழுப்பு நிறம், வலது முன்னங்கால் மட்டும் வெள்ளை. மழைத்தண்ணி போற வாய்க்கால்ல இருந்து தூக்குனது. இது நான் ஃபாஸ்டர் பண்ற (அதாவது நிரந்தரமா ஒரு வீடு கிடைக்குற வரைக்கும் என் வீட்ல வெச்சு வளக்குற) 11வது குட்டி. ஒவ்வொரு தடவையும் புதுசா குட்டி எடுத்தவங்க யாராவது போன் பண்ணி இதே கேள்விகள தான் கேக்குறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு.

குட்டிய தூக்கிட்டு வந்துட்டேன். இன்னைக்கே போஸ்ட் போட்டு வீடு தேட ஆரம்பிச்சிடலாமா?

கொஞ்சம் பொறுங்க. முதல்ல அது நிஜமாவே யாரும் இல்லாத குட்டி தானான்னு பாருங்க. ரொம்ப சின்ன குட்டின்னா தாய் இரை தேடி போயிருக்கும், ஒரு ரெண்டு மூணு மணி நேரம் தள்ளி நின்னு பாத்தா திரும்பி வந்துடும் (ரோட்டு நடுவுல கிடக்குது, அடிபட்டிருக்குன்னா மட்டும் காத்திருக்காதீங்க, உடனே தூக்கிடுங்க). கொஞ்சம் வளந்த குட்டி, ஆள பாத்தா பயப்படாம ஓடி வருது, கழுத்துல பெல்ட் இருந்த தடம் இருக்குன்னா யாரோ தொலைச்சிருக்கலாம், அக்கம்பக்கத்துல விசாரிங்க, டாக்டர்கிட்ட காட்டும்போது மைக்ரோசிப் (ஓனர கண்டுபிடிக்க தோலுக்கு அடியில வைக்கிற குட்டி நம்பர் சிப்) இருக்கான்னு ஸ்கேன் பண்ண சொல்லுங்க.

அப்புறம் 14 நாள். இந்த 14 நாள் குட்டி உங்ககிட்டயே இருக்கணும், மத்த நாய்ங்ககூட சேராம தனியா. ஏன்னா பார்வோ வைரஸ் உள்ள போயிருந்தாலும் வாந்தி, ரத்த பேதி எல்லாம் வெளிய தெரிய 3 நாள்ல இருந்து 14 நாள் வரைக்கும் ஆகலாம், அது வரைக்கும் குட்டி நல்லா விளையாடிட்டு தான் இருக்கும். டிஸ்டெம்பர்னு இன்னொரு வைரஸ் நோய் இருக்கு, அது இன்னும் லேட்டாகூட தெரிய வரும். நான் எடுத்த ரெண்டாவது குட்டிய 4வது நாளே கொடுத்துட்டேன், பாக்க அவ்வளவு சுறுசுறுப்பா இருந்துச்சு, போன வீட்ல 6வது நாள் படுத்துடுச்சு, அந்த வீட்டு அம்மா ராத்திரி முழுக்க டிரிப்ஸ் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. குட்டி பொழைக்கல. பார்வோ கிருமி தரையிலயும் மண்ணுலயும் மாசக்கணக்கா, சில சமயம் ஒரு வருஷம் வரைக்கும்கூட உயிரோட இருக்கும், அதனால அவங்களால உடனே இன்னொரு குட்டி எடுக்கவும் முடியல. அந்த தப்பு முழுக்க என்னோடது, அதுக்கப்புறம் நான் அவசரப்பட்டதே இல்ல.

வயசு எப்படி தெரிஞ்சிக்கிறது?

கண்ணு திறக்க 10ல இருந்து 14 நாள் ஆகும். பால் பல்லு 3 வாரத்துக்கு மேல முளைக்க ஆரம்பிக்கும், 8 வாரத்துக்குள்ள பெரும்பாலும் 28ம் வந்துடும். முன்னாடி பல்லு விழுந்து பெருசா முளைக்குதுன்னா 3 மாசம் தாண்டிடுச்சு. மத்தத டாக்டர் சொல்லுவாங்க.

எத்தனை வாரத்துல கொடுக்கலாம்?

8 வாரத்துக்கு முன்னாடி கொடுக்காதீங்க, யார் எவ்வளவு கெஞ்சினாலும். தாயோடயும் கூடப்பிறந்ததுங்களோடயும் இருந்தா தான் எவ்வளவு அழுத்தி கடிச்சா மத்ததுக்கு வலிக்கும்னு குட்டி கத்துக்கும். தனியா கிடைச்ச குட்டிக்கு அந்த பாடம் கிடைக்காது, அத நீங்க தான் சொல்லித் தரணும், அழுத்தி கடிச்சா உடனே விளையாட்ட நிறுத்திட்டு எழுந்து போயிடணும், அடிக்கிறதோ மூக்குல தட்டுறதோ வேணாம்.

ஆனா ரொம்ப நாளும் இழுக்கக் கூடாது. குட்டியோட 3வது வாரத்துல இருந்து கிட்டத்தட்ட 14வது வாரம் வரைக்கும் தான் உலகத்த பயமில்லாம ஏத்துக்குற காலம், அப்ப பாத்த மனுசங்க, கேட்ட சத்தம், மிதிச்ச தரை எல்லாம் அதுக்கு சாதாரணமாயிடும். அந்த காலத்துல ஒரு ரூமுக்குள்ளயே இருந்த குட்டி பெருசானதும் குடை விரிச்சாகூட நடுங்கும். அதனால ஃபாஸ்டர்ங்கிறது சோறு போட்டு வெச்சிருக்குற வேலை மட்டும் கிடையாது, நீங்க வெச்சிருக்குற ஒவ்வொரு வாரமும் அது எப்படிப்பட்ட நாயா வளரும்னு முடிவாகிட்டே இருக்கு.

தடுப்பூசி முடியாம வெளிய விடக்கூடாதுங்கிறாங்க, அப்ப எப்படி பழக்குறது?

கையில தூக்கிட்டு போங்க. கீழ விடாதீங்க, அவ்வளவு தான். வாசல்ல உக்காந்து மடியில வெச்சு வண்டி போறத காட்டுங்க, மிக்ஸி சத்தம், குக்கர் விசில், வேக்யூம் கிளீனர் எல்லாம் தூரத்துல இருந்து கேக்க விட்டு மெதுவா பக்கத்துல கொண்டு வாங்க. தாத்தா, சின்ன பசங்க, தொப்பி போட்டவங்க, தாடி வெச்சவங்கன்னு விதவிதமான ஆளுங்க தூக்கட்டும் (கைய கழுவிட்டு). தினமும் காது, வாய், கால் நகம் எல்லாம் தொட்டு பழக்குங்க, நாளைக்கு டாக்டர் தொடும்போது கடிக்காது.

தடுப்பூசி பத்தி சொல்லணும்னா, 6ல இருந்து 8 வாரத்துல முதல் ஊசி, அப்புறம் 2ல இருந்து 4 வாரத்துக்கு ஒரு தடவைன்னு குட்டிக்கு 16 வாரம் ஆகுற வரைக்கும் போகணும். ஏன் இத்தனை தடவைன்னு எல்லாரும் கேப்பாங்க. தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி குட்டி உடம்புல இருக்குற வரைக்கும் ஊசி மருந்த வேலை செய்ய விடாது, அது எந்த வாரத்துல தீரும்னு ஒவ்வொரு குட்டிக்கும் மாறும், அதனால தான் திரும்ப திரும்ப போடுறாங்க. ஒரு ஊசி போட்டாச்சுன்னு தைரியமா தரையில விட்டுடாதீங்க. ரேபிஸ் ஊசி 12 வாரத்துக்கு மேல. பூச்சி மருந்து 2 வார வயசுலயே ஆரம்பிச்சு 8 வாரம் வரைக்கும் 2 வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் 6 மாசம் வரைக்கும் மாசம் ஒரு தடவை.

போஸ்ட்ல என்ன எழுதுறது? போட்டோ எடுத்தா நல்லாவே வரமாட்டேங்குது

நின்னுட்டு மேல இருந்து எடுத்தா எந்த குட்டியும் எலி மாதிரி தான் தெரியும். தரையில படுத்துடுங்க, உங்க கேமராவும் அதோட கண்ணும் ஒரே மட்டத்துல வரட்டும், ஜன்னல் வெளிச்சம் போதும், ஃப்ளாஷ் வேணாம். கருப்பு குட்டின்னா வெளிர் நிற துணி மேல வெச்சு எடுங்க, இல்லன்னா கண்ணும் மூக்கும் தெரியாம ஒரு கருப்பு உருண்டை தான் வரும், பாக்குறவங்க தள்ளிட்டு போயிடுவாங்க. யாராவது தூக்கி வெச்சிருக்குற மாதிரி ஒரு போட்டோ கண்டிப்பா வேணும், அப்ப தான் சைஸ் புரியும். 20 செகண்ட் வீடியோ ஒண்ணு.

எழுதும்போது "ப்ளீஸ் யாராவது காப்பாத்துங்க, இல்லன்னா ரோட்ல விட்டுடுவாங்க"ன்னு எழுதாதீங்க. அத படிச்சிட்டு பாவம்னு எடுக்குறவங்க அந்த பாவம் தீந்ததும் திருப்பி கொடுத்துடுவாங்க, இத நான் ரெண்டு தடவை பாத்துட்டேன். குட்டி எப்படி இருக்கும்னு எழுதுங்க. "காலையில 5 மணிக்கு எழுந்து செருப்ப தூக்கிட்டு ஓடும், தூங்கும்போது யார் காலாவது பக்கத்துல இருக்கணும், தண்ணிய பாத்தா இறங்கிடும், தனியா விட்டா 10 நிமிஷம் கத்தும் அப்புறம் தூங்கிடும்." இத படிச்சிட்டும் வேணும்னு கேக்குறவங்க தான் உங்களுக்கு வேணும். வயசு, ஆணா பொண்ணா, எந்த ஊசி எந்த தேதியில போட்டது, எந்த ஏரியாவுல இருக்கு, கருத்தடை பண்ண ஒத்துக்கணும், வீட்டுக்கு வந்து பாப்போம், இதெல்லாம் போஸ்ட்லயே இருக்கட்டும். உங்க வீட்டு அட்ரஸ் மட்டும் போடாதீங்க, ராத்திரியோட ராத்திரியா வாசல்ல இன்னும் ரெண்டு குட்டிய வெச்சிட்டு போயிடுவாங்க.

எவ்வளவு பெருசா வளரும்னு கேக்குறாங்க, என்ன சொல்றது?

தெரியலன்னு சொல்லுங்க. கலப்பு குட்டிக்கு பாதத்த பாத்து சொல்றதெல்லாம் நம்ப முடியாது. 16 வாரத்துல என்ன எடை இருக்கோ அதுல ரெண்டு மடங்குக்கு பக்கத்துல வரலாம்னு ஒரு தோராய கணக்கு உண்டு, நடுத்தர சைஸ் நாய்க்கு ஓரளவுக்கு பொருந்தும். "சின்னதாவே இருக்கும்ல?"ன்னு திரும்ப திரும்ப கேக்குறவங்களுக்கு கொடுக்க யோசிங்க.

வேணும்னு போன் பண்றவங்ககிட்ட என்னென்ன கேக்கணும்?

இது தான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் பொறுமையா படிங்க.

குட்டி குட்டியா இருக்கப் போறது 6, 7 மாசம். அதுக்கப்புறம் 10, 12 வருஷம் அது ஒரு பெரிய நாய். நான் ஆள் பாக்கும்போது இந்த குட்டிய யார் ஆசையா தூக்குறாங்கன்னு பாக்குறத விட்டுட்டேன், எல்லாரும் தான் தூக்குவாங்க. 8 மாசத்துல சோஃபாவ கிழிச்சிட்டு நிக்கும்போதும் 9 வயசுல மூட்டு வலியில மாடி ஏற முடியாம நிக்கும்போதும் அந்த வீட்ல என்ன நடக்கும்னு தான் மனசுக்குள்ள ஓட்டிப் பாக்குறேன்.

முதல் கேள்வி, இதுக்கு முன்னாடி நாய் வளத்தீங்களா, அது இப்ப எங்க? இந்த ஒரு கேள்வியில பாதி தெரிஞ்சிடும். "14 வயசுல போச்சு, கடைசி ஒரு வருஷம் கண்ணு தெரியல, நாங்க தான் தூக்கிட்டு போவோம்"னு சொல்லும்போது குரல் மாறும், அந்த வீட்டுக்கு கண்ண மூடிட்டு கொடுக்கலாம் (ஆனாலும் போய் பாத்துட்டு தான்). "வீடு மாறும்போது யாருக்கோ கொடுத்துட்டோம்", "ஓடிப் போச்சு", "வண்டியில அடிபட்டுச்சு, அதுக்கு அப்புறம் ஒண்ணு வாங்குனோம் அதுவும் அடிபட்டுச்சு", இப்படி வந்தா மேல பேசுங்க, என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. ஒரு தடவை தப்பு நடந்து அதுல இருந்து கத்துக்கிட்டவங்களும் இருக்காங்க, அவங்கள தள்ளிடக் கூடாது.

அடுத்தது, வீட்ல இருக்குற எல்லாருக்கும் சம்மதமா? எல்லாரும்னா எல்லாரும். போன்ல பேசுற பையன் ஆசைப்படுவான், பகல் முழுக்க குட்டியோட இருக்கப் போறது அவங்க அம்மா, அவங்களுக்கு நாய்னாலே பயமா இருக்கும். நான் எப்பவும் "வீட்ல பகல்ல யாரு இருப்பாங்க, அவங்ககிட்ட போன குடுங்க"ன்னு கேட்டுடுவேன்.

எங்க தூங்கும்? "மொட்டை மாடியில கூண்டு வெச்சிருக்கோம்", "காவலுக்கு கேட் பக்கத்துல கட்டி வெப்போம்"னா நான் கொடுக்குறதில்ல. நாள் முழுக்க கட்டிப் போட்ட நாய் ஒண்ணு பயந்து ஒடுங்கிடும், இல்லன்னா யாரைப் பாத்தாலும் கடிக்கிற நாய் ஆயிடும்.

உடம்பு சரியில்லன்னா எந்த டாக்டர்கிட்ட போவீங்க? ஊருக்கு போனா யாரு பாத்துப்பாங்க? வீடு மாறுனா, வேலை மாறுனா, குழந்தை பிறந்தா? இதெல்லாம் போலீஸ் விசாரணை மாதிரி வரிசையா கேக்காதீங்க, பேச்சோட பேச்சா கேளுங்க. யோசிச்சு வெச்சவங்க உடனே பதில் சொல்லுவாங்க, யோசிக்காதவங்க "அதெல்லாம் அப்ப பாத்துக்கலாம்க்கா"ம்பாங்க. அப்படி சொன்னவங்களுக்கு ஒரு வாரம் டைம் கொடுங்க, யோசிச்சிட்டு திரும்ப கூப்பிட்டா நல்ல ஆளுங்க.

யாருக்காவது பிறந்தநாள் சர்ப்ரைஸா கொடுக்க கேட்டா வேணாம். வாங்கிக்கிறவங்க நேர்ல வந்து பாத்து, அவங்களா கேக்கணும்.

சின்ன குழந்தைங்க இருக்குற வீட்டுக்கு கொடுக்கலாமா?

தாராளமா. ஆனா குழந்தைய பாக்குறத விட அப்பா அம்மாவ பாருங்க. குழந்தை வால பிடிச்சு இழுக்கும்போது "கண்ணா அதுக்கு வலிக்கும்"னு கைய எடுத்து விடுறாங்களா, இல்ல சிரிச்சிட்டு போட்டோ எடுக்குறாங்களா? 3, 4 மாசத்துல பல்லு மாறும்போது குட்டி கைய கால கடிக்கும், ஊசி மாதிரி பல்லு, குழந்தை அழும், இத முன்னாடியே சொல்லிடுங்க. நாயையும் சின்ன குழந்தையையும் பெரியவங்க இல்லாம தனியா விடக் கூடாதுங்கிறதையும் சொல்லிடுங்க.

வாடகை வீட்ல இருக்குறவங்களுக்கு?

ஓனர் ஒத்துக்கிட்டத வாயால சொன்னா போதாது, எழுத்துல ஒரு மெசேஜாவது காட்டச் சொல்லுங்க. இருந்தா கொடுக்கலாம், சொந்த வீடு தான் வேணும்னு பிடிவாதம் வேணாம்.

ரெண்டு பேரும் வேலைக்கு போறாங்க, ஆனா நல்லவங்களா தெரியுறாங்க

2 மாச குட்டியால 3 மணி நேரத்துக்கு மேல ஒண்ணுக்க அடக்க முடியாது. மாசக் கணக்கோட ஒண்ணு கூட்டிக்கோங்க, அவ்வளவு மணி நேரம் தான். ஒரு நாளைக்கு 3, 4 தடவை சாப்பிடணும். அதனால நடுவுல வந்து பாக்க ஆள் இருக்காங்களான்னு கேளுங்க. யாரும் இல்லன்னா, இந்த குட்டிய விட ஒரு 2 வயசு நாய் அவங்களுக்கு சரியா வரும், அப்படி ஒண்ணு ஃபாஸ்டர்ல எங்கயாவது இருந்தா கை காட்டி விடுங்க. நான் அப்படி அனுப்பி வெச்ச ஒரு ஜோடி இன்னும் எனக்கு அவங்க நாயோட போட்டோ அனுப்புவாங்க.

கூடப்பிறந்த ரெண்டையும் சேத்து கொடுக்கலாமா?

பிரிக்க மனசு வராது, புரியுது. ஆனா ரெண்டு குட்டின்னா ரெண்டு மடங்கு வேலை இல்ல, அதுக்கும் மேல. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு மனுசங்க சொல்றத கேக்காம வளரவும் வாய்ப்பு இருக்கு. ரெண்டையும் தனித்தனியா வாக்கிங் கூட்டிட்டு போய், தனித்தனியா பழக்க நேரம் இருக்குற வீடுன்னா சரி. மத்தபடி பிரிச்சு கொடுத்தாலும் குட்டிங்க சீக்கிரம் பழகிடும், அழப்போறது நீங்க தான்.

தோல் வியாதி இருந்துச்சு, ஒரு கால் லேசா தாங்கும். சொன்னா யாரும் எடுக்க மாட்டாங்களே?

சொல்லணும், எல்லாத்தையும், எழுத்துல. சொறி வந்திருந்தா எந்த சொறின்னும் சொல்லுங்க, சார்காப்டிக்னா மனுசங்களுக்கும் மத்த நாய்க்கும் ஒட்டும், டெமோடெக்ஸ் அப்படி ஒட்டாது, ரெண்டையும் குணப்படுத்தலாம். தெரிஞ்சு எடுக்குறவங்க திருப்பி கொடுக்க மாட்டாங்க. மறைச்சு கொடுத்தா ஒரு வாரத்துல தெரிஞ்சிடும், அப்ப அந்த வீட்ல குட்டி மேல இருக்குற நம்பிக்கையும் சேந்து போயிடும்.

பணம் வாங்குறது தப்பா?

ஊசி, மருந்து, ஆபரேஷனுக்கு ஆன செலவுல ஒரு பங்கு வாங்குறது தப்பே இல்ல, பில்ல காட்டி வாங்குங்க. இலவசம்னு போட்டா யோசிக்காம எடுக்குறவங்களும் வருவாங்க, குட்டி போட வெச்சு விக்கிறவங்களும் வருவாங்க. அதே சமயம் நல்ல மனசு இருந்து கையில இல்லாதவங்கன்னா விட்டுடுங்க, ஆனா வைத்தியத்துக்கு எப்படி சமாளிப்பாங்கன்னு கேட்டுட்டு.

வீட்டுக்கு போய் பாக்குறத தப்பா எடுத்துக்க மாட்டாங்களா?

"குட்டிய நானே கொண்டு வந்து விடுறேன்"னு சொல்லுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. போனா பால்கனி கம்பி இடைவெளியில குட்டி நுழையுமா, கேட்டுக்கு அடியில சந்து இருக்கா, எலி மருந்து எங்க வெச்சிருக்காங்க, வேற நாய் இருந்தா அதுக்கு ஊசி போட்டிருக்கா, இத பாருங்க. வீடு எவ்வளவு பெருசுன்னு பாக்க வேணாம், ஒரு ரூம் வீட்ல ராஜா மாதிரி இருக்குற நாயும் உண்டு. மனசுக்கு ஏதோ சரியா படலன்னா குட்டிய திரும்ப தூக்கிட்டு வந்துடுங்க. சங்கடமா இருக்கும், பரவால்ல.

எழுதி வாங்கணுமா?

வாங்குங்க, ஒரு பக்கம் போதும். மிச்ச ஊசி போடுவேன், டாக்டர் சொல்ற வயசுல கருத்தடை பண்ணுவேன், கட்டிப் போட மாட்டேன், வெச்சுக்க முடியலன்னா வேற யாருக்கும் கொடுக்காம உங்ககிட்டயே திருப்பி தருவேன். இந்த கடைசி வரிய நீங்களே சத்தமா படிச்சு காட்டுங்க. மைக்ரோசிப் போட்டிருந்தா அந்த 15 இலக்க நம்பர புது ஓனர் பேருக்கு மாத்திட்டாங்களான்னு பாருங்க, மாத்தலன்னா தொலைஞ்சா உங்களுக்கு தான் போன் வரும்.

குடுத்தனுப்பும்போது என்னெல்லாம் கொடுக்கணும்?

ஊசி கார்டு, இப்ப சாப்பிடுற சாப்பாடு ஒரு வாரத்துக்கு (புது சாப்பாட்ட ஒரு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்தச் சொல்லுங்க, சட்டுன்னு மாத்துனா வயித்தால போகும்), அப்புறம் துவைக்காத ஒரு துணி, அது தினமும் படுத்தது. அந்த வாசனை தான் முதல் ராத்திரி அதுக்கு துணை. சாக்லேட், திராட்சை, வெங்காயம் கொடுக்கக் கூடாதுன்னு கார்டு பின்னாடியே எழுதி விடுங்க.

முதல் ராத்திரி அழும். தனி ரூம்ல விடாம அவங்க கட்டிலுக்கு பக்கத்துலயே படுக்கை போடச் சொல்லுங்க, கைய தொங்க விட்டா போதும், தூங்கிடும்.

10 நாள்ல திருப்பி கொண்டு வந்து விட்டுட்டாங்க. கோவமா வருது

எனக்கும் 3 தடவை நடந்திருக்கு. கோவப்படுங்க, ஆனா அவங்க முன்னாடி காட்டாதீங்க. திட்டு வாங்குவோம்னு பயந்தா அடுத்த ஆள் உங்ககிட்ட கொண்டு வராம எங்கயாவது இறக்கி விட்டுட்டு போயிடுவான். "கொண்டு வந்தது நல்லது"ன்னு சொல்லி வாங்கிக்கோங்க, அப்புறம் ஏன்னு நிதானமா கேளுங்க. அவங்க சொல்றதுல உங்களுக்கு தகவல் இருக்கு: ராத்திரி கத்துச்சா, பூனைய துரத்துச்சா, வீட்டுப் பெரியவர் காலுக்குள்ள மாட்டுச்சா? அடுத்த வீடு பாக்கும்போது அது உதவும். திரும்பி வந்த குட்டி ரெண்டு மூணு நாள் சாப்பாட்ட மோந்து பாத்துட்டு போகும், ஒரே மூலையில படுக்கும், வற்புறுத்தாம அது பக்கத்துல சும்மா உக்காருங்க.

அவங்க திணறும்போதே போன் பண்ணியிருந்தா பல சமயம் தடுத்திருக்கலாம். புது வீட்ல செட் ஆக 3 நாள் பயம் தெளிய, 3 வாரம் வழக்கம் புரிய, 3 மாசம் இது என் வீடுன்னு நம்பன்னு ஒரு பழகுன கணக்கு சொல்லுவாங்க, எல்லா குட்டிக்கும் அப்படியே பொருந்தாது, ஆனா 5வது நாள்ல முடிவெடுக்காதீங்கன்னு சொல்ல அது உதவும்.

ரெண்டு மாசம் ஆச்சு, யாருமே கேக்கல

போட்டோவ மாத்துங்க, குட்டி இப்ப வளந்திருக்கும், பழைய போட்டோவ பாத்துட்டு வர்றவங்க நேர்ல பாத்து ஏமாந்து போறாங்க. அது புதுசா கத்துக்கிட்டத எழுதுங்க, உக்காருன்னா உக்காருது, ஒண்ணுக்கு வெளிய போகுது, இதெல்லாம் குட்டியா இருந்தப்ப சொல்ல முடியாத விஷயம். உங்க டாக்டர்கிட்ட சொல்லி வைங்க, வயசான நாய இழந்தவங்க யாருன்னு அவங்களுக்கு தெரியும். என் 7வது குட்டி 5 மாசம் இருந்துச்சு, கடைசியில அத எடுத்தது தினமும் நாங்க வாக்கிங் போற வழியில பாக்குற ஒரு ரிட்டயர்டு வாத்தியார். போஸ்ட் எதையும் அவர் பாக்கல, நாய தான் பாத்தாரு.

பேசாம நானே வெச்சுக்கவா?

போக விட மனசில்லாததால மட்டும்னா வேணாம், அந்த இடம் நிரம்பிட்டா அடுத்த குட்டிய எடுக்க முடியாது. 11ல ஒண்ண நான் வெச்சுக்கிட்டேன், அதுக்கு வலிப்பு வரும், மருந்து நேரம் எனக்கு தான் தெரியும். அந்த முடிவுல எனக்கு ஒரு நாளும் வருத்தமில்ல.

கொடுத்தப்புறம் எத்தனை தடவை போன் பண்ணலாம்?

மறுநாள் காலையில ஒண்ணு, 3வது நாள், 2வது வாரம், 3வது மாசம், அப்புறம் கருத்தடை ஆபரேஷன் நேரத்துல. நடுவுல ஏங்கிட்டு தினமும் கூப்பிடாதீங்க, அது இப்ப அவங்க வீட்டுப் பிள்ளை. வெள்ளைக்கால் குட்டிய பாக்க ஞாயித்துக்கிழமை ஒரு குடும்பம் வர்றாங்க, அப்பா அம்மா, ஸ்கூல் போற ரெண்டு பசங்க, ஒரு பாட்டி. பாட்டிகிட்ட நேத்தே போன்ல பேசிட்டேன், "அது ராத்திரி எந்த பக்கம் படுக்கும்மா?"ன்னு தான் முதல்ல கேட்டாங்க.